சில்லறையில் கரையும் வீட்டுக் கடன்

வீட்டுக் கடனுக்குக் கட்ட வேண்டிய மாதத் தவணைக்கு மேல் ஒரு சிறு தொகையைத் தொடர்ந்து கூடுதலாகச் செலுத்தி, குறித்த காலத்துக்கு முன்பே கடனை முடித்துக்கொள்ளும் வழக்கம் இந்தியாவில் பரவலாக உண்டு. வங்கிப் படிவங்களில் இதற்குப் ‘பகுதி முன்செலுத்தல்’ என்று பெயர். கடன் வாங்கியவர்கள் ‘பார்ட் பேமென்ட்’ என்பார்கள். வீட்டில் பேசிக்கொள்ளும்போது ‘அசல்ல கொஞ்சம் கட்டுறோம்’ என்பார்கள். மூன்றில் கடைசிச் சொல்வழக்குதான் விஷயத்தைச் சரியாகப் பிடிக்கிறது. கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் விழுந்தால்தான் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டால் விளங்கும். 30 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும்; அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். முதல் ஆண்டு முடிவில் வங்கி அனுப்பும் கணக்கு அறிக்கையைப் பார்த்து மனம் சோராத கடன்காரர் குறைவு. மூன்று லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பார். கடன் அறுபதாயிரம்கூட இறங்கியிருக்காது. வட்டிப் பங்கும் அசல் பங்கும் தவணையில் சரிபாதி ஆவதற்கே பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அசல் பாதியாகக் குறையப் பதினான்கு ஆண்டுகள் நெருங்கிவிடும்.

இதில் வங்கி ஏமாற்றுவது எதுவும் இல்லை. மாதா மாதம் மீதமிருக்கும் அசலுக்கு வட்டி போட்டு, தவணையில் முதலில் அதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அசலில் கழிப்பதுதான் குறையும் இருப்பு முறை. தொடக்கத்தில் அசல் பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிது. இருபது ஆண்டில் கட்டும் மொத்தத் தொகை 62 லட்சத்து 48 ஆயிரம். அதில் வட்டி மட்டும் 32 லட்சத்து 48 ஆயிரம்.

இப்போது அதே கடனுக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால்? தவணை ஏறுவது எட்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான். ஆனால் முதல் மாதம் அசலில் கழியும் தொகை 4,785-லிருந்து 6,785 ஆகிறது; அதாவது நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. சூட்சுமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கூடுதல் பணம் தவணையோடு போட்டியிடவில்லை. தவணைக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்ன அசல் பங்கோடு போட்டியிடுகிறது.

அடுத்த மாத அறிக்கையில் என்ன தெரியும்? வட்டி 21,216-க்குப் பதில் 21,202. வித்தியாசம் பதினான்கு ரூபாய். ஒரு டீ குடிக்கலாம். ஆனால் அந்தப் பதினான்கு ரூபாய் அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும், கடன் முடியும்வரை வரும். ஒவ்வொரு மாதமும் மிச்சமான வட்டி அசலில் போய்ச் சேர்ந்து தானும் கொஞ்சம் வட்டியைக் குறைக்கும். வட்டிக்கு வட்டி என்று காலங்காலமாகக் கடன்காரரை மிரட்டிவந்த அதே கணக்கு இங்கே அவர் பக்கம் நின்று வேலை செய்கிறது. கடன் 240 மாதத்துக்குப் பதில் 201 மாதத்தில், அதாவது 16 ஆண்டு 9 மாதத்தில் முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 6 லட்சத்து 13 ஆயிரம். இத்தனைக்கும் கூடுதலாகக் கட்டியது மொத்தமே நான்கு லட்சம் சொச்சம்.

மாதம் 5,000 என்றால் 164 மாதத்தில் கணக்கு தீரும். மிச்சம் 11 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டும். மாதா மாதம் முடியாதவர்கள் போனஸ் வரும்போது ஆண்டுக்கு ஒரு தவணையைக் கூடுதலாகக் கட்டுவார்கள். தீபாவளிக்கு வந்த பணத்தில் துணிமணி போக மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் கடன் சுமார் 16 ஆண்டு 8 மாதத்துக்கு இறங்கிவிடும். எல்லாவற்றையும் விட வலுவானது சம்பள உயர்வோடு தவணையை ஏற்றுவது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் இருபது ஆண்டுக் கடன் பன்னிரண்டு ஆண்டு சொச்சத்தில் முடிந்துவிடும்.

எப்போது கட்டுகிறோம் என்பதும் எவ்வளவு கட்டுகிறோம் என்பதற்கு ஈடானது. மேற்சொன்ன கடனில் முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சம் ரூபாயை மொத்தமாகக் கட்டினால் 18 தவணை குறையும். வட்டியில் 3 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் ஆறு தவணைக்குச் சற்றுக் குறைவாகத்தான் கழியும், மிச்சம் ஐம்பதாயிரம். ‘பையன் படிப்பு முடியட்டும், அப்புறம் மொத்தமா அடைச்சிடலாம்’ என்று காத்திருப்பவர்கள் கணக்கில் தோற்பது இந்த இடத்தில்தான்.

இந்தியாவில் வீட்டுக் கடன் என்பது எப்போதும் இந்த வடிவில் இருந்ததில்லை. சென்னையில் 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் போன்ற நிதிகள் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்குக் கடன் கொடுத்தன. பலரும் ஓய்வுபெறும்போது வந்த பணத்தில்தான் வீடு கட்டினார்கள். சம்பளக்காரருக்கு நீண்ட காலத் தவணைக் கடன் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது 1977-இல் ஹெச்.டி.பாரேக் தொடங்கிய ஹெச்.டி.எஃப்.சி. நிறுவனம். அது 2023 ஜூலை 1-ஆம் தேதி தன் பெயரையே தாங்கிய வங்கியோடு இணைந்தது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான வீடு கட்டும் முன்பணம், வட்டியை முதலில் எடுக்கும் வங்கி முறைக்கு நேர் எதிரான ஒரு முறையைப் பின்பற்றுகிறது. அங்கே முதலில் அசலைப் பிடிப்பார்கள், அதிகபட்சம் 180 தவணையில். அது தீர்ந்த பிறகுதான் சேர்ந்திருக்கும் தனிவட்டியை 60 தவணைக்குள் பிடிப்பார்கள். வங்கித் தவணையைப் பார்த்துப் பழகியவருக்கு இது கனவுபோல் இருக்கும்.

இன்று சாதாரணமாகச் செய்யும் இந்தக் கூடுதல் செலுத்தலுக்கு ஒரு காலத்தில் அபராதம் இருந்தது. கடனை முன்கூட்டி அடைத்தால் மீதித் தொகையில் 2 சதவீதம்வரை வசூலிப்பது பல நிறுவனங்களின் வழக்கம். வட்டி வருமானம் போகிறதே என்பது அவற்றின் வாதம். குறைந்த வட்டிக்கு வேறு வங்கிக்கு மாறப் பார்க்கும் வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் கயிறு அது என்பது எதிர்வாதம். இந்தச் சண்டை இந்தியப் போட்டி ஆணையம்வரை போனது. 2010 டிசம்பரில் வந்த உத்தரவில், அபராதம் போட்டிச் சட்டத்தை மீறவில்லை என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் முடிவு செய்தார்கள்.

ஆணையம் கைவிட்டாலும் ஒழுங்குமுறை அமைப்புகள் கைகொடுத்தன. வீட்டுக்கடன் நிறுவனங்களை அப்போது மேற்பார்வை செய்துவந்த தேசிய வீட்டுவசதி வங்கி, சொந்தப் பணத்தில் அடைப்பவரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்று 2010-இல் சொன்னது. மாறும் வட்டிக் கடனுக்குப் பணம் எங்கிருந்து வந்தாலும் அபராதம் கூடாது என்று 2011-இல் சொன்னது. வங்கி வாடிக்கையாளர் சேவையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த எம்.தாமோதரன் குழுவும் இதையே பரிந்துரைத்தது. 2012 ஜூன் 5-ஆம் தேதி ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை வந்தது: மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு வங்கிகள் முன்னடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது. 2014-இல் தனிநபர்கள் வாங்கும் மாறும் வட்டித் தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இது விரிந்தது. 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகள், 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் பொருந்துபவை, இதை இன்னும் இறுக்கின. தனிநபரின் மாறும் வட்டிக் கடனில், தொழில் சார்ந்ததல்லாத தேவை என்றால், பகுதியாகக் கட்டினாலும் முழுதாகக் கட்டினாலும் கட்டணம் இல்லை. குறைந்தது இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்ற நிபந்தனையும் போட முடியாது.

நிலையான வட்டிக் கடன் வேறு கதை. அதற்கு நிறுவனங்கள் இன்னமும் கட்டணம் விதிக்கலாம். முதல் சில ஆண்டு நிலையாகவும் பிறகு மாறுவதாகவும் இருக்கும் கலப்புக் கடனில், பணம் கட்டும் நேரத்தில் வட்டி எந்த வகையில் இருக்கிறது என்பதே கணக்கு.

வெளிநாட்டுப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இந்திய ஏற்பாடு தாராளமாகத் தெரியும். பிரிட்டனில் பெரும்பாலோர் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுக்கு வட்டியை நிலையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு மீதிக் கடனில் 10 சதவீதம்வரை கூடுதலாகக் கட்டலாம், அதற்கு மேல் போனால் அபராதம் என்பதே பல வங்கிகளின் நடைமுறை.

சட்டம் இலவசமாக்கிவிட்டது என்பதற்காகப் பணம் தானாகப் போய் அசலில் உட்கார்ந்துவிடாது. கடன் கணக்கில் 2,000 ரூபாய் வந்து விழுந்தால் சில வங்கிகளில் அன்றே அசல் குறையும். சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக, வட்டியைக் குறைக்காமல் சும்மா கிடக்கும். செயலியிலோ கிளையிலோ ‘பகுதி முன்செலுத்தல்’ என்று குறிப்பிட்டுக் கட்டி, அடுத்த மாத அறிக்கையில் மீதி அசல் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே நிச்சயமான வழி. சில நிறுவனங்கள் ஒருமுறைக்குக் குறைந்தது ஒரு தவணை அல்லது இரண்டு தவணை அளவாவது கட்டச் சொல்லும். அப்படிப்பட்ட இடத்தில் மாதம் 2,000 வீதம் ஆர்.டி. போட்டு, சேர்ந்ததும் மொத்தமாகக் கட்டுபவர்கள் உண்டு.

அடுத்த கேள்வி கவுண்டரில் வரும்: ‘தவணையைக் குறைக்கணுமா, வருஷத்தைக் குறைக்கணுமா?’ தவணையைக் குறைத்தால் அடுத்த மாதமே கையில் சில நூறு ரூபாய் நிற்கும். உடனே தெரியும் லாபம் என்பதால் பலரும் அதற்கு இணங்கிவிடுகிறார்கள். வட்டி மிச்சம் பெரிதாக வருவதோ காலத்தைக் குறைப்பதில்தான். வேலை நிலையில்லாதவருக்குக் குறைந்த தவணை ஒரு பாதுகாப்பு என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் கேட்காமலே தவணையைக் குறைத்துக் கொடுத்தால், அது யாருக்கு லாபம் என்று யோசிப்பது தப்பில்லை.

பழைய கடன்களில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. சில நிறுவனங்கள் அசலை ஆண்டுக்கு ஒருமுறைதான் கழித்தன. ஏப்ரலில் கட்டிய அசலுக்கும் அடுத்த மார்ச் முடியும்வரை வட்டி ஓடும். அப்படிப்பட்ட கடனில் மாதா மாதம் கூடுதலாகக் கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி; ஆண்டு முடிவை ஒட்டிக் கட்டுவதே கெட்டிக்காரத்தனம். இன்று மாத இருப்பு அல்லது தின இருப்பு முறைதான் வழக்கம். தின இருப்பு என்றால், சம்பளம் வந்த அன்றே கட்டுவதற்கும் மாதக் கடைசியில் கட்டுவதற்கும் இடையே சில ரூபாய் வித்தியாசம் வரும்.

வட்டி ஏறும்போதுதான் கூடுதலாகக் கட்டுவது விருப்பம் என்ற நிலையிலிருந்து அவசியமாகிறது. 2020 மே முதல் 2022 மே தொடக்கம்வரை ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆனது. 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, பிணைக்கப்பட்டிருப்பதால் அந்த 2.5 சதவீதமும் அப்படியே கடன்காரர் தலையில் ஏறியது. 6.75 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கி 22,811 ரூபாய்த் தவணை கட்டிவந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு கழித்து வட்டி 9.25 ஆகிறது. வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டினால் என்ன ஆகும்? மாத வட்டியே 21,953 ரூபாய். அசலில் கழிவது 858 ரூபாய். மீதி 18 ஆண்டு என்று நினைத்திருந்த கடன் 35 ஆண்டைத் தாண்டும். நாற்பது வயதுக்காரருக்கு எழுபத்தைந்து வயதுவரை தவணை.

இப்படிப் பலருக்குத் தெரியாமலே காலம் நீண்டதைப் பார்த்த ரிசர்வ் வங்கி, 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கடன்காரருக்குக் கொடுக்க வேண்டும். கடன் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் பகுதியாகவோ முழுதாகவோ முன்செலுத்தவும் அனுமதிக்க வேண்டும். நீளும் காலத்தில் தவணை வட்டிக்குக்கூடப் போதாமல் கடன் ஏறிக்கொண்டே போகும் நிலை வரக் கூடாது.

வட்டி இறங்கும் காலமோ, வலியில்லாமல் கூடுதலாகக் கட்ட நல்ல வாய்ப்பு. 2025-இல் ரெப்போ படிப்படியாக 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. 30 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 26,035 ஆக இருந்த தவணை 7.25 சதவீதத்தில் 23,711 ஆகும். வங்கி குறைத்தாலும் பழைய தவணையையே விடாமல் கட்டிவந்தால், கையைக் கடிக்காமலே மாதம் 2,300 ரூபாய் அசலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: தன் கடன் இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலோ அதற்கும் முந்தைய அடிப்படை வட்டி முறையிலோ சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது. புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வட்டி பழையவருக்குத் தானாக வருவதில்லை. ஒரு விண்ணப்பமும் சிறு கட்டணமும் கொடுத்து மாறிக்கொள்வது, பல ஆண்டுக் கூடுதல் தவணைக்குச் சமமான பலனைத் தந்துவிடும்.

எதிர்க்கட்சியும் இருக்கிறது. அந்த 2,000 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போட்டால் நீண்ட காலத்தில் அதிகம் கிடைக்குமே என்பது அவர்கள் கேள்வி. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கடனில் கட்டும் பணம் 8.5 சதவீதத்தை நிச்சயமாக, வரியில்லாமல் சம்பாதிக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து பி.பி.எஃப். வட்டி 7.1 சதவீதத்தில் நிற்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட் வட்டிக்கு வருமான வரி உண்டு. எனவே வங்கியில் டெபாசிட் போட்டுவிட்டு அதே வங்கிக்கு அதைவிட அதிக வட்டியில் கடன் கட்டுவது, ஆத்திர அவசரத்துக்கு வைத்த தொகை என்றால் தவிர, நியாயப்படுத்தக் கடினமான பழக்கம். கிரெடிட் கார்டு பாக்கியோ நகைக் கடனோ இருந்தால் வீட்டுக் கடன் வரிசையில் பின்னால் நிற்க வேண்டியதுதான். மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு 8.5 சதவீதக் கடனை அடைப்பவரை என்ன சொல்வது?

வரிச் சலுகை போய்விடுமே என்ற கவலை பெரும்பாலும் மிகையானது. பழைய வரி முறையில் சொந்தக் குடியிருப்புக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வட்டிவரைதான் கழிவு. மேலே சொன்ன கடனில் முதல் ஆண்டு வட்டி 2 லட்சத்து 52 ஆயிரத்தைத் தாண்டுகிறது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்குச் சலுகையே இல்லை. புதிய வரி முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது.

இன்னொரு தயக்கம் நியாயமானது. அசலில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வங்கி அதைத் திருப்பித் தராது. இதற்காகத்தான் ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடன்கள் இருக்கின்றன. மிஞ்சிய பணத்தைக் கடன் கணக்கிலேயே போட்டு வைத்தால் அந்த நாட்களுக்கு வட்டி குறையும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். எடுக்க முடியும் என்பதாலேயே எடுத்துச் செலவழித்துவிடுபவர்களுக்கு இது சரிப்படாது.

கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. வங்கியிடமிருந்து பாக்கியில்லாச் சான்று வாங்க வேண்டும். மூலப் பத்திரத்தையும் மற்ற ஆவணங்களையும், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது, பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. எனப்படும் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும் அதற்கு ரசீது ஆவணம் ஒன்றைப் பதிய வேண்டும். வங்கி அதிகாரி கையெழுத்துப் போட வர வேண்டும் என்பதால் இதற்கு நாள் குறிப்பதே ஒரு பாடு. அவசரமில்லை என்று விட்டுவிட்டு, பிற்பாடு வீட்டை விற்கும்போது ஓடுகிறவர்கள் நிறைய. பதிந்த சில நாள் கழித்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால் பழைய அடமானப் பதிவு அழிந்திருக்காது. அது அங்கேயே இருக்கும். அதற்குக் கீழே, வங்கி எழுதிக்கொடுத்த ரசீது இன்னொரு வரியாக ஏறியிருக்கும்.